மகரந்தத்தைப் பற்றி உடைத்துப் பேசியவர்: செபாஸ்தியன் வையான்

1717 ஜூன் 10. பாரிஸ் நகரின் அரசர் தோட்டத்தில் அந்த ஆண்டுக்கான தாவரவியல் வகுப்புகள் தொடங்குகிற நாள். தொடக்க உரை ஆற்ற வேண்டியவர் பேராசிரியர் அந்துவான் த ஜுஸ்ஸியு. அவர் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் செடி தேடிப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக, அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் எழுந்து நின்றார். வயது 48. பேராசிரியரைவிட 17 வயது மூத்தவர். மருத்துவப் பட்டம் பெறாதவர். சிறுவயதில் தேவாலயத்தில் ஆர்கன் என்ற இசைக்கருவி வாசித்துப் பிழைத்தவர், வாலிபத்தில் போர்க்களத்தில் காயம் கட்டியவர். பெயர் செபாஸ்தியன் வையான்.

அன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள் பூ. பூவுக்குள் இருக்கும் மகரந்தத்தாள்கள் ஆண் உறுப்புகள், நடுவில் இருக்கும் சூலகம் பெண் உறுப்பு, இரண்டும் சேர்ந்தால்தான் விதை, நாம் பார்த்து மயங்கும் இதழ்கள் இவற்றுக்கு ஒரு போர்வை மட்டுமே என்று மாணவர்களிடம் சொன்னார். இன்றைக்கு இது பள்ளிக்கூடப் பாடம். அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் நின்றுகொண்டு இப்படிப் பேசுவது, தனக்குத் தாவரவியல் கற்றுக்கொடுத்த குருவையே மறுத்துப் பேசுவதாக இருந்தது.

செடிகளை வகைப்படுத்திய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸின் பெயர் எல்லோருக்கும் தெரியும். வையானின் பெயர் தாவரவியல் படித்தவர்களிலும் பலருக்குத் தெரியாது. ஆனால் லின்னேயஸ் போன பாதையின் தொடக்கத்தில் இந்த உரை இருக்கிறது.

அவர் வேலை பார்த்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் மற்றது விளங்கும். அரசர் தோட்டம் 1635-இல் அரசாணையால் உருவானது. 1640-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மருந்துச் செடிகளை வளர்ப்பதும் அவற்றைப் பற்றிக் கற்பிப்பதும் அதன் வேலை. பாரிஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறை லத்தீனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. தோட்டத்தில் பாடம் பிரெஞ்சில் நடந்தது, கட்டணமும் கிடையாது. மருந்துக்கடைப் பையன்களும் அறுவை வைத்தியம் பழகுபவர்களும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். பாடம் சொல்வதற்குப் பேராசிரியர். செடியைக் கையில் எடுத்துக் காட்டி, பிரித்து விளக்குவதற்கு இன்னொருவர். இந்த இரண்டாவது வேலைதான் வையானுடையது. பதவிப் பெயரிலேயே 'துணை' என்ற ஒட்டு வேறு இருந்தது. பேராசிரியருக்கு இருந்த மதிப்பு அதற்கு இல்லை. ஆனால் நாள் முழுக்கச் செடியோடு இருப்பவர் அவர்தான்.

பிறந்தது 1669 மே 26, பாரிஸுக்கு வடமேற்கே பொந்துவாஸ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள வீன்யி என்ற சிற்றூரில். தந்தை வியாபாரி. ஐந்தாறு வயதிலேயே வயல்வெளியில் கண்ட செடிகளைப் பிடுங்கிவந்து வீட்டுத் தோட்டத்தில் நட்டுவைக்கும் பழக்கம் பையனுக்கு இருந்ததாம். படிக்க அனுப்பினார்கள். அப்புறம் பொந்துவாஸ் ஆர்கன் கலைஞர் ஒருவரிடம் இசை கற்றுக்கொண்டான். 11 வயதிலேயே அங்கிருந்த துறவியர் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. பிறகு அதே ஊரில் மருத்துவமனை நடத்திவந்த கன்னியர் மடத்தில் ஆர்கன் வாசித்தான். அங்கே தங்க இடமும் சாப்பாடும் கிடைத்தன. நோயாளிகள், மருந்து அரைப்பவர்கள், புண் கழுவுபவர்கள் எல்லோரும் கண் முன்னாலேயே இருந்தார்கள். இசைக்கு நடுவே அறுவை வைத்தியமும் பழகியாயிற்று.

அந்தக் காலத்து அறுவை வைத்தியரை இன்றைய சர்ஜன் என்று நினைத்துவிடக் கூடாது. மருத்துவர் படித்தவர், லத்தீன் தெரிந்தவர், மேல்தட்டு. அறுவை வைத்தியர் கைவேலைக்காரர். வையான் இந்த இரண்டாவது வரிசையிலிருந்து வந்தவர். 19 வயதில் எவ்ரோ நகரத்துக்குப் போனார். அங்கிருந்து படையோடு சேர்ந்து, 1690-இல் ஃப்ளோரூஸ் போரில் அறுவை வைத்தியராக இருந்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் வந்து, நகரின் பெரிய மருத்துவமனையான ஓத்தெல்-தியேவில் தொழிலைத் தொடர்ந்து பழகினார். அங்கிருந்து அரசர் தோட்டத்துக்கு நடந்து போய்விடலாம். அங்கே பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர் ஜோசப் பித்தோன் த துர்னஃபோர்.

துர்னஃபோர் சாதாரண ஆசிரியர் அல்லர். செடிகளை இன்னின்ன பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள செடிகளின் தொகுதி, என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவர். 1694-இல் வந்த அவருடைய நூலில் ஏறக்குறைய 700 பேரினங்கள் இருந்தன. பூவிதழின் வடிவத்தை வைத்துச் செடிகளை வகுப்பது அவர் முறை. மணி வடிவப் பூ, சிலுவை வடிவப் பூ, ரோஜா வடிவப் பூ என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். மாணவர்கள் சொக்கிப்போனார்கள், வையானும்தான். பாரிஸைவிட்டு நெய்யீ என்ற இடத்தில் வைத்தியம் பார்க்கப் போன பிறகும் நடந்தே வந்து வகுப்பைக் கேட்டார். பாரிஸ் சுற்றுவட்டாரச் செடிகளைப் பற்றி 1698-இல் துர்னஃபோர் எழுதிய நூலுக்குச் செடிகளைத் தேடிக் கொடுத்து உதவியவர்களில் வையானும் ஒருவர்.

அவருடைய கூர்மையைக் கவனித்தவர் கி-கிரெசான் ஃபகோன். பதினான்காம் லூயி மன்னரின் தலைமை மருத்துவர், தோட்டத்தின் மேலாளரும் அவரே. வையானைத் தன் செயலாளராக வைத்துக்கொண்டார், அரசத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் நுழைய வழி செய்து கொடுத்தார், 1708-இல் செடி காட்டி விளக்கும் பதவியையும் வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் துர்னஃபோர் இறந்தார். தெருவில் போன வண்டி மோதி நசுக்கியதில் பட்ட காயம் உயிரைக் குடித்துவிட்டது. பேராசிரியர் நாற்காலி காலியானது. அது வையானுக்கு வரவில்லை. கொஞ்ச காலம் வேறொருவர் இருந்தார், 1710-இல் அது 24 வயது ஜுஸ்ஸியுவிடம் போனது. ஜுஸ்ஸியு திறமைசாலி, அதில் மறுப்பு இல்லை. ஆனால் தோட்டத்தின் ஒவ்வொரு பாத்தியையும் அறிந்த மனிதர் இரண்டாம் இடத்திலேயே நிறுத்தப்பட்டதை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

அவர் கிடைத்த இடத்தில் வேலை செய்தார். மருந்துப் பொருள்களின் காட்சியறை அவர் பொறுப்பு. 1714-இல் சூடேற்றப்பட்ட கண்ணாடி வீடு ஒன்று அவர் மேற்பார்வையில் தோட்டத்தில் எழுந்தது, 1717-இல் இன்னொன்று. பிரான்சில் இது புதிது. 1714-ஆம் ஆண்டில்தான் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் மன்னருக்கு ஒரு காபிச் செடியைப் பரிசாக அனுப்பினார்கள். குளிர்காலத்தைத் தாங்காத அந்தச் செடி இந்தத் தோட்டத்தில் வளர்ந்தது. அதன் வாரிசு ஒன்று சில ஆண்டுகள் கழித்துக் கப்பலேறிக் கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவுக்குப் போனது.

சரி, இப்போது உரைக்கு வருவோம்.

துர்னஃபோரின் கணக்கில் மகரந்தம் ஒரு கழிவு. வளரும் கனிக்கு வேண்டிய சாறு வடிகட்டப்படும்போது மிஞ்சும் வேண்டாத பொருளை வெளியேற்றும் குழாய்கள்தான் மகரந்தத்தாள்கள் என்று அவர் கருதினார். பூவின் முக்கிய பாகம் இதழ் என்பது அவருடைய முறைக்கு அடித்தளம். வையான் இந்த இரண்டையும் தலைகீழாக்கினார். பூ என்றால் என்ன என்பதற்கு அவர் சொன்ன விடை: ஆண், பெண் உறுப்புகள் இருக்கும் இடம். அவை இருந்தால் இதழே இல்லாவிட்டாலும் அது பூ. இரண்டும் ஒன்றாக இருக்கும் பூ உண்டு, ஆண் மட்டும் இருக்கும் பூ உண்டு, பெண் மட்டும் இருக்கும் பூவும் உண்டு. இப்படிப் பிரித்துக் காட்டியபோது, இதழைப் பார்த்தே பழகிய கண்கள் முதன்முறையாக உள்ளே திரும்பின. சூற்பை, சூல் போன்ற உறுப்புப் பெயர்களை விலங்குகளின் உடலிலிருந்து எடுத்துப் பூவுக்குத் தயங்காமல் பயன்படுத்தினார்.

பேசிய விதமும் தயக்கமில்லாதது. ஆணும் பெண்ணும் கூடுவதைச் சொல்லும் சொற்களிலேயே பூவைச் சொன்னார். மகரந்தத்தாள்கள் பொறுமை இழந்து, மொட்டின் கதவைத் தள்ளித் திறந்து, ஒரே வீச்சில் தூளை இறைத்துவிடுவதாக அவர் வருணித்தது கேட்டவர்களுக்கு மறந்திருக்காது. வெறும் அலங்காரத்துக்காக அப்படிச் சொல்லவில்லை. அவர் மனதில் இருந்த செடிகளில் ஒன்று பரியேட்டரியா. ஐரோப்பாவில் பழைய மதிற்சுவர் இடுக்குகளில் தானாக முளைக்கும் பூண்டு. அதன் பூ பச்சை நிறத்தில் மணிமணியாக இருக்கும், யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். மொட்டுக்குள் மகரந்தத்தாள்கள் வில்லைப் போல உள்நோக்கி வளைந்து இறுகியிருக்கும். வெயில் ஏறியதும், அல்லது ஊசி முனையால் லேசாகத் தொட்டதும், ஒவ்வொன்றும் சட்டென்று விடுபட்டு நிமிரும். அந்த உதறலில் மகரந்தம் ஒரு சின்னப் புகைப் பந்தாக மேலே எழும். கழிவை வெளியேற்றும் குழாய்க்கு இத்தனை வேகம் எதற்கு? இந்தக் கேள்வியை மாணவன் தன் கண்ணாலேயே கேட்டுக்கொள்ளும்படி செய்தார். செடியைக் கையில் எடுத்துக் காட்டுவதையே தொழிலாகக் கொண்டவரின் பலம் இதில் தெரிகிறது.

இன்னொரு சாட்சி பிஸ்தா மரம். துர்னஃபோர் காலத்தில் நட்ட பிஸ்தா ஒன்று தோட்டத்தில் இருந்தது. பூக்கும், காய்க்காது. ஏனென்றால் அது ஆண் மரம். பிஸ்தாவில் ஆண் தனி, பெண் தனி. ஆண் மரத்தின் மகரந்தம் பெண் மரத்துப் பூவைச் சேர்ந்தால் மட்டுமே பருப்பு உண்டாகும். வையானின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அந்த மரம் முந்நூறு ஆண்டுகளைத் தாண்டி அதே தோட்டத்தின் ஆல்ப்ஸ் செடிப் பகுதியில் இன்றும் நிற்கிறது.

இதையெல்லாம் கண்டுபிடித்த முதல் ஆள் வையானா? இல்லை. இதை மறைத்து அவருக்குப் புகழ் சேர்க்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் நெஹமையா குரூ 1682-இலேயே மகரந்தத்தாள் ஆண் உறுப்பாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ருடால்ஃப் கமராரியஸ் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார். ஆமணக்கில் ஆண் பூக்கள் விரியும் முன்பே கிள்ளிப் போட்டார், கொட்டை முற்றவில்லை. 1694-இல் ஒரு நீண்ட கடிதமாக அதை வெளியிட்டார். பாரிஸிலேயே 1711-இல் கிளாத் ஜோசஃப் ஜெஃப்ராய் அறிவியல் கழகத்தில் இதே பொருளைப் பற்றிப் பேசியிருந்தார். கமராரியஸின் பெயரை வையான் தன் உரையில் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது குறைதான்.

தவறும் உண்டு. மகரந்தத் துகள் நேராகச் சூலுக்குள் போகிறது என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. துகளிலிருந்து எழும் நுண்ணிய ஆவி ஒன்றுதான் சூலைக் கருவுறச் செய்கிறது என்று நம்பினார். 1820-களில் இத்தாலியில் ஜொவான்னி அமீச்சி, பருப்புக்கீரைப் பூவின் சூல்முடியை, அதாவது சூலகத்தின் நுனியை, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது மகரந்தத் துகளிலிருந்து ஒரு குழல் நீளுவதைக் கண்டார். அதன் பிறகுதான் இந்த வழக்கு தீர்ந்தது. பூச்சிகளின் பங்கும் வையானுக்குப் பிந்தைய தலைமுறைகள் கண்டறிந்ததே.

அப்படியானால் அவர் செய்தது என்ன? ஏற்கெனவே கடிதங்களிலும் கழகக் கூட்டங்களிலும் முணுமுணுக்கப்பட்ட ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். அறிஞர்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்த கருத்தை, மருந்துக்கடையில் வேலை பழகும் பையனுக்குப் புரிகிற மொழியில், மொட்டைப் பிரித்துக் காட்டிச் சொன்னார். ஒரு கருத்து பரவுவதற்குக் கண்டுபிடித்தவர் மட்டும் போதாது, அதைப் பாடமாக்குகிறவர் ஒருவர் வேண்டும். வையானின் இடம் அது என்று நான் நினைக்கிறேன், அதைச் சின்ன இடமாக நான் எண்ணவில்லை.

உரை பாரிஸில் அச்சேறவில்லை. 1718-இல் ஹாலந்தின் லைடன் நகரில், ஒரு பக்கம் லத்தீன், ஒரு பக்கம் பிரெஞ்சு என்று சிறு நூலாக வெளிவந்தது. அதன் பிற்பகுதியில் மூன்று புதிய பேரினங்களை அவர் அறிமுகம் செய்தார். ஒன்று ஜின்செங் என்ற மருந்துச் செடி சேரும் அரலியாஸ்ட்ரம். இன்னொன்று ஆங்கிலேயத் தாவரவியலாளர் வில்லியம் ஷெராடின் பெயரால் ஷெரார்டியா. மூன்றாவது, லைடன் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் ஹெர்மன் பூர்ஹாவேயின் பெயரால் பூர்ஹாவியா.

அந்த மூன்றாவது பெயர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மழை பெய்த சில நாளில் வாசலோரத்தில், ரயில்பாதை ஓரத்தில், காலி மனையில் தரையோடு தரையாகப் படரும் மூக்கிரட்டைக் கீரையின் அறிவியல் பெயர் பூர்ஹாவியா டிஃப்யூசா. இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும். பூ ஊதா கலந்த சிவப்பில், குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிது. காய் பிசுபிசுவென்று ஒட்டும், நடந்துபோனால் வேட்டி ஓரத்தில் ஏறிக்கொள்ளும். கீரையைக் கிள்ளும்போது ஒரு பூவைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இதழ் போலத் தெரியும் அந்த வண்ணக் குழல் உண்மையில் அல்லியிதழ் அல்ல, பூவின் வெளியுறையான புல்லி; அதற்கு அல்லியிதழே கிடையாது. உள்ளிருந்து மெல்லிய மகரந்தத்தாள்கள் இரண்டு மூன்று எட்டிப் பார்க்கும். இதழ் இல்லாவிட்டாலும் பூ பூதான் என்று சொன்னவர் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தது எனக்குத் தனி மகிழ்ச்சி.

உரைக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த காலம் ஐந்தே ஆண்டுகள். 1716-இலேயே அறிவியல் கழகத்தில் உறுப்பினராகியிருந்தார். 1718 முதல் 1721 வரை, சூரியகாந்தி, கூனைப்பூ, கசப்புக்கீரை வகைகள் அடங்கிய கூட்டுப்பூக்களைப் பற்றி அங்கே தொடர்ந்து கட்டுரைகள் படித்தார். ஒரு பூ போலத் தெரியும் தட்டில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கியிருக்க, அவற்றில் எது ஆண், எது பெண், எது இரண்டும் என்று எண்ணிப் பார்த்தார். துர்னஃபோர் முறையின் குறைகளையும் கடுமையாக எழுதினார். குருவின் மீது பக்தி கொண்டிருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. சொல்லில் கொஞ்சம் இதம் சேர்த்திருக்கலாம்தான். ஆனால் அவர் சுட்டிய குறைகளில் பல உண்மையான குறைகள்.

இதற்கெல்லாம் அடியில் வேறொரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. பாரிஸைச் சுற்றியுள்ள காடு, சதுப்பு, சுண்ணாம்புக் குன்று, சுவர் எல்லாவற்றிலும் வளரும் செடிகளை 36 ஆண்டுகளாகக் குறித்துவைத்தார். பெரிய செடிகளோடு நிற்கவில்லை. பாசி, மரப்பாசி, காளான் என்று மற்றவர்கள் காலால் மிதித்துப் போவதையும் குனிந்து பொறுக்கினார். துர்னஃபோரோடு கீழை நாடுகளுக்குப் பயணம் போன ஓவியர் கிளாத் ஓப்ரியே அவருக்காக முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். எழுத்து தயார், படம் தயார். அச்சடிக்கப் பணம் இல்லை. நுரையீரல் நோய் முற்றிக்கொண்டிருந்தது, மூச்சுவிடவே சிரமம்.

1721-இல் அவர் பூர்ஹாவேக்குக் கடிதம் எழுதினார். தான் பிழைக்கப் போவதில்லை என்று தெரிந்தே, கையெழுத்துப் பிரதியையும் படங்களையும் வாங்கிக்கொண்டு வெளியிடும்படி கேட்டார். நடுவில் நின்று முடித்துக் கொடுத்தவர் ஷெராடு. மூன்று ஆண்டுகளுக்கு முன் வையான் செடிகளுக்குச் சூட்டிய இரண்டு பெயர்கள் யாருடையவையோ, அந்த இருவர்தான் அவருடைய வாழ்நாள் உழைப்பைக் காப்பாற்றினார்கள். 1722 மே மாதம் வையான் இறந்தார். அவர் பதவிக்கு ஜுஸ்ஸியுவின் தம்பி பெர்னார் வந்தார். பிற்காலத்தில் இயற்கை முறைத் தாவர வகைப்பாட்டுக்குப் பெயர் பெற்ற பெர்னார், வாழ்நாள் முழுக்க அந்தப் பதவியிலேயே இருந்தார்.

அந்தக் கையெழுத்துப் பிரதி 'போட்டானிகோன் பரிசியென்ஸ்' என்ற பெயரில் 1727-இல் ஹாலந்தில் வெளிவந்தது. பெரிய அளவு நூல், செடிகள் அகர வரிசையில், கடைசியில் ஓப்ரியேயின் படத்தகடுகள். முன்பகுதியில் பூர்ஹாவே எழுதிய வாழ்க்கைக் குறிப்பு இல்லாவிட்டால், ஆர்கன் வாசித்த சிறுவனைப் பற்றி இன்று நமக்கு அதிகம் தெரிந்திருக்காது. வையானின் மனைவியிடமிருந்து அவருடைய உலர்செடித் தொகுப்பு மன்னருக்காக வாங்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 80 லட்சம் மாதிரிகள் உள்ள பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தாவரத் தொகுப்புக்கு அது ஓர் அடித்தளமாக இருந்தது.

அந்தச் சமயத்தில், ஸ்வீடனின் வெக்ஷோ நகரப் பள்ளியில் யோஹான் ரோத்மன் என்ற ஆசிரியர், படிப்பில் சுமார் என்று பெயரெடுத்த ஒரு மாணவனைத் தனியே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். முதலில் துர்னஃபோரின் முறை. அடுத்து, வையான் என்றொருவர் பூக்களின் பால் வேறுபாட்டைப் பற்றிச் சொன்ன செய்தி. மாணவன் கார்ல் லின்னேயஸ். அது மனதில் தைத்துவிட்டது. 1729 முடிவில், 22 வயதில், செடிகளின் திருமணத்தைப் பற்றி ஒரு சிறு படைப்பை எழுதினான்; அதில் இதழ்கள் மணப்படுக்கை ஆகின்றன. 1735-இல் மகரந்தத்தாள்களை எண்ணிச் செடிகளை 24 வகுப்புகளாகப் பிரித்த அவருடைய முறை வந்தது. பாரிஸ் அரசர் தோட்டத்தில் கழிவுக்குழாய் என்று ஒதுக்கப்பட்ட உறுப்பு, அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் ஐரோப்பாவின் தாவர வகைப்பாட்டுக்கே அளவுகோல் ஆனது.

லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட 'தாவரச் சிற்றினங்கள்' நூலில், ஒவ்வொரு செடியின் பெயருக்குக் கீழும் அதை முன்பு விவரித்தவர்களின் பெயர்கள் சுருக்கெழுத்தில் வரும். அவற்றில் வையானின் பாரிஸ் நூலைக் குறிக்கும் 'வைல். பாரிஸ்.' என்ற சுருக்கம் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படுகிறது, பாசிகள் வரும் பக்கங்களில் இன்னும் அடிக்கடி. பக்கத்தில் ஒரு பக்க எண், ஒரு படத் தகட்டின் எண். ஒவ்வொன்றும் பாரிஸுக்கு வெளியே ஏதோ ஒரு பள்ளத்தில் வையான் குனிந்து எடுத்த செடி.